எண்ணூருக்கு நேராக ஒரு பொட்டு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சாலமோனின் போல்ட் நட் கடையில், கல்லாவை ஒட்டி ஒரு முக்காலி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி அடித்தால் அது வேம்புவுக்குச் சொந்தம். வேறு எவனாவது உட்கார்ந்திருந்தால் அவன் எதிரில் போய் நிற்பார். அவனாகவே எழுந்து போய்விடுவான்.

வேம்பு முப்பத்தொரு வருஷம் இந்தப் பக்கத்தில் கேஸ் கட்டிங் பண்ணியவர். உடைத்த கப்பலின் தகடு, பழைய பாய்லர், ரயில் சக்கரம் எல்லாம் அவர் கையில் துண்டானவை. படிப்பு மூன்றாவதோடு சரி. எண்கள் தெரியும், கையெழுத்து தெரியும், அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும். வயது அறுபத்தெட்டு. மனுஷனை நம்புவது என்ற பழக்கம் அவருக்கு இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

சாலமோன் நாசரேத் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்து கடை போட்டவர். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அரைக் கதவை மட்டும் தூக்கிவிட்டு உட்காருவார். மார்க்கெட் முழுக்க லீவு. வாரம் பூரா கல்லாவில் சேர்ந்த சில்லறையைப் பால்பவுடர் டப்பாவிலிருந்து பழைய கோணி மேல் கொட்டுவார்கள். தங்கசாலையில் தப்பாக அடித்த காசு ஏதாவது வந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அச்சு நழுவி அடித்தது, விளிம்பு கடிபட்டது, அச்சில் விரிசல் விட்டு அது காசில் கோடாக ஏறியது எல்லாம் தனி டப்பாவுக்குப் போகும். மீதி மறுபடியும் கல்லாவுக்கு. எட்டு வருஷமாக இதுதான் இரண்டு பேருக்கும் ஞாயிறு.

விஷயம் மார்க்கெட்டுக்கே தெரியும். அதனால் எவனாவது ஒரு காசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். டிரெய்லர் ஓட்டும் ஜெயவேல் ஒரு நாள் வந்தான்.

"பெருசு, இத்த பாரு. ரெண்டு பக்கமும் சிங்கம். ஒண்ணு நேரா கீது, ஒண்ணு திரும்பிகினு உள்ள போய் கீது. பாம்பேல இதுக்கு லட்ச ரூவான்றான்."

வேம்பு வாட்ச் ரிப்பேர்காரன் வைத்திருப்பது மாதிரியான கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினார்.

"வைஸ் யாரோடது?"

"இன்னா வைஸ்?"

"காசு மேல காச வெச்சு முறுக்கினியே, அந்த வைஸ். திரும்பின சிங்கத்துக்கு அடியில தேசப்படத்தோட கோடு இன்னும் தெரியுது பாரு. நேரா கீற சிங்கத்துக்கு மூக்கு சப்பையா போய் கீது. தங்கசாலையில தப்பா அடிச்சிருந்தா ஒரு பக்கமாவது முழுசா கீணும்டா. உன்னோடதுல ரெண்டு பக்கமும் காயம்."

"சும்மா டபாய்க்காத பெருசு, நீ அடிச்சிக்கப் பாக்குற."

"எடுத்துகினு போடா கலீஜ். டீ குடி. டீக்கடைக்காரன் வாங்கினா உன் அதிர்ஷ்டம்."

சாலமோன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாவம் வேய், அந்தப் பய ஒரு ராத்திரி பூரா முறுக்கிருப்பான்."

வேம்புவுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாருக்கும் சொல்லித்தர அல்ல, திட்டும்போது வெளியே வரும். காசில் பள்ளம் இருந்தால் யாரோ பிற்பாடு பண்ணியது. மேடு இருந்தால் அடிக்கும்போதே வந்தது. அச்சில் ஒரு பொடி பெயர்ந்து விழுந்தால் அந்தக் குழியில் உலோகம் போய் ஏறும், காசில் மேடாக நிற்கும். வெளியே வந்த காசைக் குத்தலாம், தேய்க்கலாம், ஆசிடில் போட்டு மெலிய வைக்கலாம், தண்டவாளத்தில் வைத்து அப்பளம் ஆக்கலாம். இல்லாத உலோகத்தைக் கொண்டுவந்து நட முடியாது. இந்தச் சட்டத்தை வைத்து எத்தனையோ பேரை முக்காலிக்கு முன்னாலிருந்து துரத்தியிருக்கிறார்.

அவருடைய சொந்தக் காசும் அந்தச் சட்டப்படிதான் நின்றது. தேசப்படம் போட்ட இரண்டு ரூபாய். கரையில், மெட்ராஸுக்குக் கொஞ்சம் மேலே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொட்டு. பாதி நிலத்தில், பாதி கடலில். வேலையில் இருந்த கடைசி வருஷம் டீக்குச் சில்லறையாக வந்தது. "எண்ணூருக்கு நேரா கப்பல் நிக்குது பாரு," என்பார். அதை மூக்குப்பொடி டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தார். பிறர் காசைக் கண்ணாடி போட்டுச் சோதிப்பாரே தவிர, தன்னுடையதைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சாலமோன் கையில்கூடக் கொடுக்கமாட்டார். தான் பிடித்துக்கொண்டுதான் காட்டுவார்.

அப்படிப்பட்டவரை சிக்குன்குனியா படுக்கப் போட்டது. இரண்டாயிரத்து ஆறில் திருவொற்றியூரில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போனார்கள். வேம்புவுக்கு முட்டி, மணிக்கட்டு, விரல் எல்லாம் பூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எழும்பூரில் ஒரு மண்டபத்தில் காசு சேர்க்கிறவர்களின் கண்காட்சி வந்தது. தப்பாக அடித்த காசுகளைப் பார்த்துச் சொல்வதில் பெயர் வாங்கிய ஜஹானாரா என்ற அம்மாள் ஹைதராபாத்திலிருந்து வருகிறார் என்றார்கள். அவர் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

சாலமோன் சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். "கொண்டாரும் வேய். நாளைக்கு நான் போறேன். அந்த அம்மாகிட்ட காட்டிட்டு வாரேன். நடக்க முடியாம இங்கன கிடந்து என்ன பண்ணப் போறீரு?"

வேம்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கடைசியில் மனைவி கெங்கம்மாதான் மூக்குப்பொடி டப்பாவிலிருந்து காசைத் துணியோடு எடுத்து வந்து நீட்டினாள்.

"குடுய்யா. செத்தா கூடவா எடுத்துகினு போவப் போற?"

"அண்ணாச்சி," என்றார் வேம்பு, "திரும்பி வாங்கும்போது பாத்துதான் வாங்குவேன்."

"பாத்து வாங்கும். நான் என்ன திங்கவா போறேன்?"

திங்கட்கிழமை வலியோடு வலியாக, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு, வேம்பு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார். காலை பத்து மணி. கடைக்கு எதிரில் ஜார்ஜின் டீக்கடையில் லோடுமேன்கள், கட்டிங்காரர்கள், டிரைவர்கள் என்று நாற்பது பேர் நின்றிருந்தார்கள். சாலமோன் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"வேய், அந்த அம்மா நல்லாத்தான் பாத்தாவ. இதுல ஒண்ணுமே இல்லியே, எதுக்குக் கொண்டாந்தீங்கன்னு கேட்டுட்டாவ. எனக்கே வெக்கமாப் போச்சு. பிரிச்சுப் பாத்தா அந்தப் பொட்டக் காணும்."

வேம்பு காசை வாங்கினார். கண்ணாடி போட்டார். கரை இருந்தது, கடல் இருந்தது. கப்பல் இல்லை. மேடு என்பது பிறப்பு. பிறப்பு எங்காவது கழன்று விழுமா?

"இது என் காசு இல்ல."

"வேய்…"

"இது என் காசு இல்லய்யா! என்னோடத அங்கியே தள்ளிட்டு, கல்லால இருந்து ஒரு பிசாத்து ரெண்டு ரூவாய எடுத்து என்கிட்டயே நீட்டுறியா? காய்ச்சல்ல கெடக்குறான், கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

டீக்கடையில் கிளாஸ்கள் நின்றன. வேம்பு ரோட்டுக்கு நடுவில் வந்து, கட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டையால், சாலமோனைத் திருடன் என்றார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். காசைக் கடைக்குள் வீசி எறிந்தார். அது போல்ட் மூட்டைகளுக்கு நடுவில் எங்கோ போய் விழுந்தது. சாலமோன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதுவே வேம்புவுக்கு அத்தாட்சியாகப் போய்விட்டது.

அந்த வாரம் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் முட்டி வலித்தது, நின்றால் மனசு வலித்தது. தெருமுனை வரை போவார், திரும்புவார். மருந்துக்கடைக்குப் போய் மருந்து வாங்காமல் வருவார். டீக்கடை, பெட்டிக்கடை எங்கே இரண்டு ரூபாய் கண்டாலும் பிடுங்கிப் பார்ப்பார். தன் காசு எவன் கையிலாவது வந்து சேர்ந்திருக்குமோ என்று. பட்டை விட்டுப்போன வாட்சை நூலால் கட்டிக்கொண்டு மணி பார்ப்பார், எதற்கென்று தெரியாது.

"இன்னாய்யா, பூனை குட்டி போட எடம் தேடுற மாரி சுத்திகினே கீற?" என்றாள் கெங்கம்மா. "போலீஸ்லயாவது போய்ச் சொல்லேன். அவன் கேப்பான், உன் காசு எந்த வருசத்துதுன்னு. சொல்லு."

"தொண்ணூத்தாறு." கொஞ்சம் யோசித்தார். "ஏழு."

"வருசத்துக்குக் கீழ இன்னா இருந்துச்சி? புள்ளியா, நட்சத்திரமா? ஊருக்கெல்லாம் நீதானே சொல்லுவ, அடியில பாரு, எந்த ஊர்ல அடிச்சதுன்னு தெரியும்னு."

வேம்பு வாயைத் திறந்தார். புள்ளியா? நட்சத்திரமா? எட்டு வருஷம், வாரத்துக்கு ஒரு தரமாவது பார்த்த காசு. அந்தப் பொட்டைத் தவிர அதில் எதையுமே அவர் பார்த்ததில்லை. சாலமோன் மாற்றிவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? பொட்டு இல்லை என்பதை வைத்துத்தான். வேறு ஒரு அடையாளமும் அவரிடம் இல்லை.

"கம்முனு கெடமே," என்றார். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்குள் பேச்சு அதன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. ஜெயவேல் வந்து சொன்னான், சிரித்துக்கொண்டே. அண்ணாச்சிக்குக் 'காசு அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பதினைந்து வருஷமாக வாங்கும் கான்ட்ராக்டர் ஒருவர், சாலமோன் கொடுத்த சில்லறையை அவர் எதிரிலேயே இரண்டு தரம் எண்ணினாராம்.

"நீ சொன்ன வார்த்த நல்லா வேல செய்து பெருசு."

வேம்புவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அரைக் கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. சாலமோன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முக்காலியின் மேல் வாஷர் பெட்டி ஒன்று ஏறியிருந்தது.

"கடைய சோதன பண்ணணும்," என்றார் வேம்பு.

சாலமோன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாவிக்கொத்தைக் கல்லா மேல் வைத்தார். "பாரும். டிராயரப் பாரும். டப்பாவப் பாரும். சட்டப்பையையும் வேணும்னா பாரும். பாத்து முடிச்சாத்தான் உமக்கு உறக்கம் வரும்."

வேம்பு வெட்கப்படவில்லை. டிராயரை இழுத்துக் கொட்டினார். பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். தப்புக்காசு டப்பாவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூட்டிய பெட்டியைத் திறந்து பைபிளுக்கு அடியில்கூடப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை, சாமான்கள் நழுவின. கடைசியாக அலமாரியில் எட்டிய ஒரு டின் கை தவறி, அரை அங்குல ஸ்குரூக்கள் கல்லா மேலும் தரையிலுமாகக் கொட்டின.

"அள்ளிட்டுப் போம்," என்றார் சாலமோன், எழுந்திருக்காமல்.

போல்ட் கடையில் எவனும் ஸ்குரூவைக் குனிந்து பொறுக்கமாட்டான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம், உள்ளங்கை அளவு, கல்லாவிலேயே கிடக்கும். சாலமோன் தினமும் சாயங்காலம் கடை சாத்தும் முன் அதைக் கல்லாப் பலகை மேல் ஒரு தரம் ஓட்டுவார். சிதறியதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். வேம்பு அதை எடுத்துத் தரையில் ஓட்டினார். கொத்துக் கொத்தாக ஸ்குரூக்கள் ஏறின. அவற்றை வழித்துப் போட்டுவிட்டு, காந்தத்தைத் திருப்பி, ஓரத்தில் ஒட்டியிருந்த இரும்புப் பொடியையும் தட்டப் போனவர் நின்றார்.

பொடிக்கு நடுவில் ஒரு உருண்டை. கடுகில் பாதி. கறுப்பு.

கட்டிங்காரன் கண்ணுக்கு அதை அடையாளம் சொல்லித்தர வேண்டாம். வெல்டிங் பொறி. கம்பி உருகித் தெறித்து, எதன் மேல் விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு ஆறிப் போகும். சாத்தாங்காட்டில் தரையெல்லாம் அதுதான் கிடக்கும், கோடிக்கணக்கில். இவன் வைத்திருப்பான், என்றது அவர் புத்தி. நான் வருவேன் என்று தெரிந்து இவனே ஒரு பொறியைக் கொண்டுவந்து ஒட்டியிருப்பான்.

"அந்தக் காசு எங்க?" என்றார்.

"எந்தக் காசு?"

"நான் வீசிட்டுப் போன காசு."

சாலமோன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். வாரம் பூரா அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். வேம்பு வாசல் வெளிச்சத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியை இடுக்கினார். எண்ணூருக்கு நேராக, கரை மேல், மங்கலாக ஒரு வளையம் இருந்தது. சூடு பட்ட கறை. திங்கட்கிழமை இதையும் பார்த்திருக்கலாம். கோபத்தில் பார்க்கவில்லை.

குண்டூசி முனையால் பொறியைப் புரட்டினார். அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. அந்தத் தட்டையில் வளைந்து வளைந்து ஒரு பள்ளக் கோடு. காசில் கரை மேடாக ஓடுகிற அதே வளைவு. உருகி விழுந்தபோது பொறி அந்தக் கரையை அப்படியே அச்சு எடுத்திருந்தது. அதைக் கறை மேல் வைத்தார். விரல் சரியாக மடங்காமல் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம், திருகு மரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. கப்பல் திரும்பி வந்துவிட்டது.

இதை எவனும் செய்து கொண்டுவந்து வைக்க முடியாது.

அவருக்கு எல்லாம் வரிசையாக வந்தது. டீ வேளை. சில்லறையை வாங்கித் தகடு மேல் வைத்துவிட்டு டீயை ஊதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் எவனாவது வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பான். அவர் சட்டையெல்லாமே பொறி பட்டு ஓட்டை. காசு மேல் மட்டும் படாதா? கடல் காற்றில் எட்டு வருஷம் அடியில் துரு ஏறி, பிடி விட்டுக் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் துணியைப் பிரித்துக் கல்லாவில் வைத்திருந்த காசு மேல் சாலமோன் வழக்கம்போல் காந்தத்தை ஓட்டியிருக்கிறார். இல்லாத உலோகத்தை நட முடியாது என்ற சட்டம், உலோகத்தைத் தெறிக்கவிட்டுப் பிழைத்தவனுடைய சட்டம்.

விரலால் சுண்டினால் போதும். பொறி ரோட்டில் விழுந்து கோடியில் ஒன்றாகிவிடும். அவர் காசு திருடுபோன காசாகவே இருக்கும். வேம்பு விரலை மடக்கினார். விரலும் மடங்கியது, வலியோடு. சுண்டவில்லை.

"என்ன வேய், கிடைச்சுதா?"

"கெடச்சிச்சி." திரும்பினார். "என் காசுதான் இது. பொறி ஒட்டிகினு இருந்துகீது. உன் காந்தம் புடுங்கிச்சி. நீ எடுக்கல."

சாலமோன் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வைத்தார்.

"சரி. என்னைய என்னன்னு சொன்னீரு அன்னைக்கு?"

"திருடன்னு சொன்னேன்."

"எத்தன வாட்டி?"

"மூணு."

"எத்தன பேரு இருந்தானுவ?"

வேம்பு வெளியே பார்த்தார். ஜார்ஜ் கடை சாத்தியிருந்தது. "நாப்பது."

"இப்ப எத்தன பேரு இருக்கான்?"

வேம்பு பொறியையும் காசையும் காகிதத்தில் மடித்தார்.

"நாளைக்கு வாரும்," என்றார் சாலமோன். வாஷர் பெட்டியை முக்காலியிலிருந்து இறக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வேம்பு வந்துவிட்டார். ஜார்ஜ் கடையில் பதினோரு பேர். எண்ணினார். ரோட்டின் இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். பதினேழு. ஒரு டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து பொறி இருக்கிறதா என்று பார்த்தார். எதிரில் சாலமோன் ஒருவருக்கு நட்டு நிறுத்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்தாறு. லாரி ஒன்று வந்து நின்று ஏழு பேரை இறக்கியது. ஜெயவேலும் வந்தான்.

முப்பத்தெட்டில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ரோட்டுக்கு நடுவில் போய் நின்றார்.

"யோவ்! எல்லாம் கேளு. போன வாரம் இங்க நின்னுகினு அண்ணாச்சிய திருடன்னு சொன்னேன் இல்ல? அவுரு திருடல. காசு மேல இருந்தது வெல்டிங் பொறி. எனக்குத் தெரியல. எட்டு வருசம் அத்த கப்பல்னு சொல்லிகினு இருந்தேன். தப்பு என்னோடது. அண்ணாச்சி திருடல. அண்ணாச்சி திருடல!"

கூட்டத்தில் முதலில் ஜெயவேல்தான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"இன்னா பெருசு, முப்பத்தொரு வருசம் கட்டிங் பண்ணிட்டு பொறி எதுன்னு தெரியலியா? என் சிங்கத்துக்கு மூக்கு சப்பைன்னியே! உனக்கு கண்ணே சப்பை!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜார்ஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வேம்பு அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். சிரித்து முடிக்கட்டும் என்று கடைசி ஆள் வரை நின்றார். பிறகு முட்டியைத் தேய்த்துக்கொண்டு கடைக்குள் ஏறினார்.

முக்காலி காலியாக இருந்தது. சாலமோன் பால்பவுடர் டப்பாவை இவர் பக்கம் தள்ளினார். நேற்று கவிழ்த்ததோடு விட்ட சில்லறை. பிறகு காந்தத்தை எடுத்துக் கல்லாவின் மறுகோடியில் வைத்தார்.

வேம்பு உட்கார்ந்தார். டப்பாவையும் காந்தத்தையும் கண்ணால் அளந்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வை," என்றார்.